மூன்றாம் வரைவு

எல் பெரால் என்றால் பேரிக்காய் மரம்.
நிலையத்தில் அப்படி ஒன்று இல்லை.
இருந்ததைப் பார்த்தவரையும் நான் பார்க்கவில்லை.
இருப்பது ஒரு மண்திடல், எம்பனாதா விற்கும் தள்ளுவண்டி,
சாந்தியாகோவுக்கு ஓடும் தண்டவாளம்,
கிழக்கே, புகை விலகும் நாளில் மட்டும், மலை.

முதல் வரைவில் எல்லாம் வளைவு.
மேலிருந்து பார்த்தால் அழகு.
மேலிருந்து பார்க்க வாய்ப்பது
பருந்துக்கும், அட்டை மாதிரியின் மேல் குனியும்
நகராட்சித் தலைவருக்கும்தான்.
ஆறு ஐம்பது வண்டிக்கு ஓடுகிறவள்
வளைந்து ஓடமாட்டாள்.

இரண்டாவதில் நேர்க்கோடு.
கூடவே, பெயருக்குக் கடன் தீர்க்க, ஒரு பேரி.
பொறியாளர் தோன் நிகானோர்
பேனா மூடியால் மரத்தைத் தட்டினார்:
"பழம் விழும். வழுக்கும். வழக்கு வரும்."
காய்க்காத ரகம் உண்டாம். குறித்துக்கொண்டேன்.
ரயில்வேயின் கடிதம் தனியே வந்தது:
பெஞ்சு ஒன்றுக்கு இரும்புக் கைப்பிடி இரண்டு,
இடைவெளி அறுபது சென்டிமீட்டர்.
காரணம் எழுதவில்லை.
அறுபதிலேயே இருந்தது காரணம்.

பிறகு கருத்துக் கேட்பு. வந்தது ஒன்பது பேர்.
ஐந்து பேருக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை.
ஒருவர் ஊஞ்சல் கேட்டார்.
மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த வில்னெஸ்,
ஹைட்டிக்காரர், மருத்துவமனையில் தரை கழுவுபவர்,
ஒவ்வொரு ஸ்பானியச் சொல்லாய் எடுத்து வைத்தார்:
"பத்து ஐம்பதுக்கு வேலை முடியும்.
ஓடி வந்தால் வண்டியின்
பின்விளக்கு தெரியும். சிவப்பு.
அடுத்தது எழுபது நிமிடம் கழித்து.
அதுவரை நான் எங்கே இருப்பது?"

நாற்காலிகளை மடிக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு மாதம் நிழலையே நினைத்திருந்தவள் நான்.
இங்கே ஜனவரி உச்சியில் சூரியன் வடக்கே நிற்கும்,
நிழல் தெற்கே விழும்,
கிய்யாய் மரம் குடையாக எத்தனை வருடம்,
எல்லாம் மனப்பாடம்.
இரவு என்று ஒன்று உண்டென்பது
என் தாள் எதிலும் இல்லை.

இப்போது பெஞ்சு இரண்டு மீட்டர் பத்து.
கைப்பிடி இரண்டு, கடிதம் கேட்டபடியே.
இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று.
முதுகுப் பக்கம் தோளுயரச் சுவர், ஜூலைக் காற்றுக்கு.
தள்ளுவண்டிக்கு ஒரு மின்இணைப்பு:
கடை விளக்கு எரிந்தால்
பாதி பயம் போகும் என்றார் வில்னெஸ்.
பேரி காய்க்கும் ரகம்தான்.
செடிப் பட்டியலில் லத்தீனில் எழுதியிருக்கிறேன்.
தோன் நிகானோர் லத்தீன் அறியாதவராக இருக்கட்டும்.

வரைபடத்தோடு ஒரு காட்சிப் படமும் அனுப்ப வேண்டும்.
வழக்கமாகப் பகல்,
பலூன் பிடித்த குழந்தை, நாய், ஒரு சைக்கிள்.
மூன்றையும் அழித்தேன்.
வானத்தைக் கறுப்பாக்கினேன்.
அளவு தெரிவதற்காக ஒரு ஆள்,
ஒன்று எழுபத்தெட்டு,
காலணியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு
நீட்டிப் படுத்திருக்கிறார்.