ஆறாவது தட்டி

தலைமையகப் படிவம் கேட்கிறது:
இந்த ஆண்டு சபை எவ்வளவு வளர்ந்தது?

மங்கோலியா, எர்தெனெத் மேட்டில்
ஐந்து மரத்தட்டி வளைத்துக் கட்டிய
கம்பளிக் கூடாரம் எங்கள் ஆலயம்.
ஆறாவது தட்டிக்கு
இரண்டு குளிர்காலம் காணிக்கை சேர்த்தோம்.
ஜெபத்துக்கு நடுவே எழுந்து
அடுப்புக்குக் கரி தள்ளும் செவெல்மா
வெள்ளாட்டு உரோமம் விற்றதைப் போட்டாள்.

தட்டி வந்த வாரம்
தம்தினின் கூடாரம் எரிந்தது.
குடித்தால் எங்கள் கதவில் கல்லெறிகிறவன்.
கொடுப்பதா என்று கை தூக்கச் சொன்னேன்.
போதகர் நான்;
வேண்டாம் என்றவளும் நான் ஒருத்திதான்.

அவன் ஆராதனைக்கு வரவில்லை.
கல்லும் வரவில்லை.

ஞாயிறு
முழங்கால் முழங்காலில் இடிக்க
இருபத்துமூன்று பேர்.
ஒரு வாளி கரி மிச்சம்.

கட்டத்தில் சைபர் போடுகிறேன்.
விரல் கரி பட்டு
கொஞ்சம் பெரிதாகிவிட்டது.