வண்டி எடை போக

காலை ஏழு மணிக்கு முதல் லோரி
எடை மேடையில் ஏறும்.
பழத்தோடு ஒரு எடை.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை.
கழித்தால் கிடைப்பதுதான் பழம்.
பாகாவ் செம்பனை ஆலையில்
ஆறு வருடமாக இந்தக் கழித்தல்தான் என் வேலை.
வலது கை எழுதும்.
இடது கை மேசைக்குக் கீழே கிடக்கும்,
மழை நின்ற பிறகு யாரும் தேடாத குடை மாதிரி.

பள்ளியில் என் பட்டப்பெயர் ஊசி.
குணாளன் என்று வாத்தியார் கூப்பிட்டால்
வகுப்பே திரும்பி, யார் அது என்று பார்க்கும்.

ஆ ஹெங்கின் ஜிம் மோட்டார் பட்டறைக்கு மேலே.
தகரக் கூரை. நாலு மணிக்கு இரும்பு சுடும்.
தவராஜா கழிப்பறைக் கதவை முதுகால் சாத்திக்கொண்டு
எனக்கு முதல் ஊசி போட்டான்.
எண்ணெய் மருந்து, கெட்டி, அவசரமில்லாமல் இறங்கியது.
“எட்டு வாரம்டா.
அப்புறம் கண்ணாடியப் பார்த்து நீயே வணக்கம் வைப்ப.”

வைத்தேன்.
பொய் சொல்ல மாட்டேன், அது வேலை செய்தது.
சட்டைகளைத் தங்கைக்குக் கொடுத்தேன், தலையணை உறை தைத்தாள்.
பேருந்து நிலையத்தில் பெரிய ஆட்கள்
எனக்கு வழிவிட்டு நின்றார்கள்.
ஊசி என்று கூப்பிட ஒருவனும் மிச்சமில்லை.
ஒரு மருந்தில் முட்டி வாயே திறக்காது.
இன்னொன்றில் மாடிப்படி தோறும் கிறீச்சிடும்.
வாய் திறக்காததையே வாங்கினேன்,
எட்டு வருடம், சம்பளத்தில் பாதி.

அறுந்தது மேடையில் இல்லை.
நூற்றெண்பது கிலோவுக்கு அடியிலும் இல்லை.
அக்கா வீட்டில், கேஸ் தோங்கைத் தூக்கும்போது.
மைலோ டின் மூடி திறக்கிற சத்தம், அவ்வளவுதான்.
புஜம் தோளைப் பார்த்துச் சுருண்டுகொண்டது.
அக்கா அடுப்பை அணைத்துவிட்டு
முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

சிரம்பானில் டாக்டர் நூருல் ஹுடா
ரசீதின் பின்பக்கம் பென்சிலால் வரைந்தார்.
புடைப்பாகத் தசை. அதன் நுனியில்
எலும்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய கோடு.
இது மூன்றே மாதத்தில் பெருத்துவிடும், என்றார்.
கோட்டில் பென்சிலை வைத்து, இதற்கு இரத்தம் குறைவு,
இது வருடக் கணக்கில்தான் பழகும்.

எனக்குத் தெரிந்த கதைதான்.
கப்சாயில் பெரிய எஞ்சின் மாட்டிப் பறந்த பையன்கள்
அடுத்த வாரமே அறுந்த சங்கிலியோடு
ஆ ஹெங்கிடம் தள்ளிக்கொண்டு வருவார்கள்.
மேலே நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன்,
கையில் புரோட்டீன் குவளையோடு.

அப்படியென்றால் மருந்துதானா, என்று கேட்டேன்.
அவர் உடனே தலையாட்டியிருந்தால் நிம்மதியாயிருக்கும்.
இருக்கலாம், என்றார்.
தூக்கிய எடையாக இருக்கலாம்.
பதினைந்து வயதில் குலை சுமந்தேன் என்றீர்களே, அதுவும்.
பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்பா முப்பது வருடம் அரிவாள் கம்பு பிடித்தவர்.
ஊசி என்றால் நாய்க்கடிக்கு மட்டும்.
அவர் கையும் காதுக்கு மேலே ஏறாது.
தவராஜா இன்னும் போடுகிறான்,
வாரம் இரண்டு முறை அவன் லோரியை நான்தான் நிறுக்கிறேன்,
மூட்டு, கீட்டு, ஒன்றுமில்லை என்கிறான்.
இறங்கும்போது மட்டும்
கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறான்.
நான் ரசீதைப் பார்ப்பதுபோல் இருந்துவிடுவேன்.

ஜிம் சுவரில் என் படம் இன்னும் தொங்குகிறது.
எண்ணெய் பூசிய முதுகு, இரண்டாம் பரிசு.
கழற்றிவிடு என்று ஆ ஹெங்கிடம் நான் சொன்னதில்லை.
எஞ்சின் ஆயில் வாங்கப் போகிற சாக்கில்
ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நேற்றுக் கடைசி லோரி போன பிறகு
மேடையில் நான் ஏறி நின்றேன்.
அது டன்னுக்குச் செய்த மேடை,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
எண்பது என்றது.
தொண்ணூறு என்றது.
மறுபடியும் எண்பது.
அசையாமல் நின்று பார்த்தேன்,
கொசு கடித்த இடத்தைக்கூடச் சொறியாமல்.