நூற்று நான்கு

பம்பேரோ காற்று ஆய்வகத்தின் தகரக் கூரையைப்
பிய்த்துப் பார்த்துவிட்டுப் போன இரவு.
தாகுவரெம்போ மருத்துவமனை, ஜூலைக் குளிர்,
மணி இரண்டு பத்து.
ஆறாம் படுக்கையின் ரத்தமும்
ஒன்பதாம் படுக்கையின் ரத்தமும்
ஒரே தட்டில் வந்தன.
சுழலியில் எதிரெதிரே வைத்தேன், எடை சமமாக இருக்க.
அது தவிர
அவர்களுக்குள் சமமாக எதுவும் இல்லை.

ஒன்பது, வால்டெமார் சில்வேரா. சொரீஸோ அடைக்கிறவன்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தபோதும்
சட்டையில் பன்றிக் கொழுப்பு மணந்ததாம்.
சுழன்று நின்றதும் அவன் குழாயில்
மேலே தேங்கியது கலங்கிய பால்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.
இயந்திரம் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டது,
திருத்துகிற ஆசிரியையின் எரிச்சலோடு.

ஆறு, எலிசெயோ பெந்தன்கூர்.
ரயிலுக்குக் கொடி காட்டி ஓய்வு பெற்றவர்.
அவருடையது தெளிவு, வெளிர் மஞ்சள்.
அதன் வழியே
சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கலாம்.
நூற்று நான்கு.
நட்சத்திரம் இல்லை.

விடியும்போது அவர் மனைவி நெலிடா
மாத்தே குடுவையை மார்போடு அணைத்து
வராந்தாவில் நின்றாள். மறு கையில் தாள்.
"பார்த்தாயா பெண்ணே, நூற்று நான்கு!
நாலு வருடமாக வீட்டில் இறைச்சி கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் அசாதோ புகைந்தால்
ஜன்னலைச் சாத்திவிடுவேன்.
சாத்திய பிறகும் அங்கேயே நிற்பார், பிடிவாதக்காரர்."
நான் தலையாட்டினேன்.
தலையாட்டுவது பொய்யில் சேருமா, தெரியவில்லை.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
பதினோரு குளிர்காலம். பெயர்கள் இல்லை.
படுக்கை, கொழுப்பு எண், பிறகு ஒரு குறி:
நடந்து வீடு போனவர்களுக்குக் கோடு,
மற்றவர்களுக்கு வட்டம்.
எனக்குச் சொல்லித் தந்தபடி பார்த்தால்
பெரிய எண்களின் பக்கத்தில்தான் வட்டங்கள் கூட வேண்டும்.
கூடவில்லை.
சின்ன எண்களின் அருகே
மழைக்குப் பின் காளான் மாதிரி முளைத்திருந்தன.
என் கணக்கில்தான் பிழை என்று
ஒரு வருடம் முழுக்கத் திரும்ப எழுதிப் பார்த்தேன்.

டாக்டர் இர்மா எச்செனிக்கே நின்றபடியே புரட்டினாள்.
"நூற்றுச் சொச்சம் பேர். இது ஆதாரமில்லை, சந்தேகம்.
இதைச் சொல்லி யாருடைய மாத்திரையையும் நிறுத்திவிடாதே.
வால்டெமார் ஆயுசுக்கும் விழுங்க வேண்டும்."
கதவு வரை போனவள் திரும்பினாள்.
"ஆகஸ்ட் முடிவில் விறகு அடுக்கு குறைந்திருந்தால்
கொல்லை சுத்தமாயிற்று என்றா அர்த்தம்?
இதயம் தளரும்போது
உடம்பு கையில் கிடைத்ததை எரிக்கும்.
முதலில் விறகு.
அப்புறம் நாற்காலி.
நீ அளப்பது மிச்சத்தை."

மூன்றாம் நாள் ஆறாம் படுக்கையின் எண் எண்பத்தெட்டு.
அதை நெலிடாவிடம் யாரும் காட்டவில்லை.

வால்டெமார் தன் காலால் நடந்து போனான்,
போகிறபோக்கில் ஆய்வகத்துக்குள் தலையை நீட்டி
"என் எண் ரொம்ப மோசமா?" என்றான்.
ரொம்ப மோசம் என்றேன்.
பரிசு வாங்கியவன்போலச் சிரித்தான்.
மறுவாரம் காகிதத்தில் சுற்றி ஒரு கிலோ அனுப்பியிருந்தான்.
ரத்தம் வைக்கிற குளிர்பெட்டியில்
அதை வைக்க முடியாதே என்று
காவலாளிக்குக் கொடுத்தேன்.

நெலிடா கடைசியாக வந்தது
செருப்பையும் கண்ணாடியையும் வாங்கிப் போக.
முதல் நாள் தாளை மடித்து
பணப்பையில் வைத்திருந்தாள், மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது.
"அந்த ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கலாமோ?"
உணவால் வந்ததல்ல அந்த எண், அம்மா,
நோய் தின்றுவிட்டு வைத்த மீதி அது,
உங்கள் மேல் குற்றம் இல்லை என்று
பதினோரு குளிர்காலத்தையும் சேர்த்து
நிதானமாக, சரியாக விளக்கினேன்.

அவள் எண்ணைப் பற்றிக் கேட்கவேயில்லை
என்று எனக்கு உறைத்தபோது
வராந்தாவில் யாருமில்லை.
தட்டில் அடுத்த குழாய் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
எதிர் எடைக்கு ஆள் இல்லாததால்
தண்ணீர் நிரப்பி ஒன்றை வைத்தேன்.