இருபதாவது ஆள்

அபரிஸ்ட்வித்தில் பிப்ரவரி.
மழை பக்கவாட்டில் அடிக்கிறது.
அத்தையின் மீன்வறுவல் கடைக்கு
டெக்வென் எழுதிய செயலி
பத்தொன்பது ஆர்டர்களைச் சரியாக எடுக்கும்.
இருபதாவது ஆள்
வாசலில் நனைந்துகொண்டே நிற்பார்.

வெள்ளிக்கிழமை புராஜெக்ட் கெடு.
வியாழன் மாதிரித் தேர்வு.
மரம், அடுக்கு, வரிசை எல்லாம்
ரப்பர் பேண்டு பிரிக்காத அட்டைகளில்.

தேர்வறையில் கணினி இல்லை;
பென்சிலால் நிரல் எழுத வேண்டும்.
மூன்றாம் கேள்வி:
இந்தச் சுற்று எத்தனை முறை ஓடும்?
விரல்விட்டு எண்ணினாள்.
அட, ஒன்று குறைகிறதே.

இங்கே இல்லை, கடையில்!

தாளின் ஓரத்தில் திருத்தத்தை எழுதினாள்,
அடிக்கோடும் போட்டாள்.
விடைக்கான கட்டம் காலி.
மணி அடித்ததும்
இயோலோ மேசை மேசையாக வந்து
தாளை வாங்கிக்கொண்டு போனார்.

கடற்கரைச் சாலையில் ஓடுகிறாள்
யாரிடமும் பேசாமல்,
அந்த ஒற்றை வரியை
சுடச்சுட உருளைக்கிழங்குத் துண்டாக
வாயில் அடக்கியபடி.