மூக்கடைத்தவர்கள் உள்ளே வரலாம்

பெருந்துறை சிப்காட்டில் எங்கள் கேட்டில்
கார்த்திகை முழுக்க ஓர் அட்டை தொங்கியது:
சளி பிடித்தவர்கள் மட்டும்
பதினோரு மணிக்கு ருசி பார்க்க வரவும்.

நூல் மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரர்
இறங்கிப் படித்தார்.
எனக்கு நல்லாத்தானுங் இருக்குது என்று
வருத்தமாக ஏறிப் போனார்.

மேலே போனால்
உடம்பின் நீரெல்லாம் தலைக்கேறும்.
முகம் உப்பும். மூக்கு அடைக்கும்.
எதைத் தின்றாலும் காய்ச்சல்காரன் வாய்.
உப்பைக் கூட்டலாமா என்றால்
எலும்பு கரையும், கூடாது என்று பதில்.
மிச்சம் இருந்தது
பூண்டு, சீரகம், வரமிளகாய்.

அரிசிம்பருப்பு.
பைக்கு இருநூற்றிருபது கிராம்.
இருபத்தாறு மணி நேரம் உறையவைத்து
ஈரத்தை உருவி எடுத்தால் அறுபத்து நான்கு.
தட்டினால் தெர்மாகோல் சத்தம்.
சுடுதண்ணீர் ஏற்றி எட்டு நிமிடம்
பையைப் பிசைந்துகொண்டே நிற்க வேண்டும்,
பசியோடு.

முதல் தடவை பொலபொலவென்று வந்தது.
கேண்டீன் மயிலாத்தாளுக்கு அவ்வளவு பெருமை.
உதிர்ந்தால் பறக்கும்.
பறந்தால் யார் கண்ணிலோ,
எந்தக் காற்றாடி இடுக்கிலோ.
குழைய விடுங்க என்றேன்.
கொழஞ்சுபோச்சு கொழஞ்சுபோச்சுன்னு
கண்ணாலமான நாள்லிருந்து பேச்சு வாங்குனேன்,
இப்ப அதுக்குச் சம்பளமாக்கும்
என்று அடுப்பைக் குறைத்தார்.
கரண்டியைக் கவிழ்த்தோம்.
விழவில்லை.
எல்லாரும் கைதட்டினோம், ஆடிட்டர் உட்பட.

ராத்திரி வாட்ச்மேன் செங்கோடனுக்குப்
பத்து வருடச் சைனஸ்.
மற்றவர்களுக்குச் சளி தேறிப் போக
அவர் மட்டும் நிரந்தரமானார்.

கறிவேப்பிலை எதற்கு என்று மேலிடம் கேட்டது.
யாரும் தின்பதில்லை,
ஒதுக்கி வைக்க அங்கே தட்டு இல்லை,
தட்டின் ஓரமும் இல்லை.
பொடித்துப் போடவும்.

காரமடை இலை, நல்ல கருப்பச்சை.
பொடித்தோம்.
செங்கோடன் இரண்டு வாய் தின்று நிறுத்தினார்.
என்னமோ கொறையுதுங்.
வாசமா?
வாசம் எனக்கு என்னைக்குங் தெரிஞ்சுது.
கை சும்மா இருக்குதுங்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
ஒதுக்குவதற்கு ஒன்றும் இல்லை.

நாலு மீட்டிங். ஒரு சண்டை.
பைக்கு மூன்று இலை, முழுசாக, என்று
கடைசியில் கையெழுத்தானது.

சித்திரையில் ஒரு தாள் வந்தது.
பை எண் பதினேழு.
உண்டது: முழுவதும்.
நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ
ஒரு சொல் கிடையாது.
கூடவே ஒரு படம்:
சுவரில் சாம்பல் நிற டேப்,
பசைப்பக்கம் வெளியே தெரிய.
அதில் வரிசையாக
மூன்று இலை.

கேட்டுக்குப் போய் போனில் காட்டினேன்.
செங்கோடன் மூக்கை உறிஞ்சினார்,
விரலால் பெரிதாக்கினார்,
எண்ணினார்.

சாப்ட்டிருக்காங்க, என்றார்.

வெளியே லாரி ஹார்ன்.
சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.