வள்ளம் அளவு

கடலுக்கு இங்கிருந்து
எந்தப் பக்கம் இறங்கினாலும் ஐந்து மணி நேரம்.
இருந்தும் ஒரு போர்க்கப்பல்
கொட்டச்சேட்டுக்கு மேலே,
காப்பிக்கொட்டை காயப்போட்ட பழைய சிமெண்டுக் களத்தில்
ஒற்றைத் தூணின்மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முப்பதில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
தார்ப்பாய் போர்த்தி லாரியில் ஏற்றினோம்.
செக்போஸ்டில் கேட்டார்கள்.
"தேர்ச் சாமான்" என்றார் டிரைவர் மாதேசு.
சாமி விஷயமென்று தடுப்பைத் தூக்கிவிட்டார்கள்.
எங்கள் திட்டத்தில் சரியாக மறைந்த முதல் பொருள்
அந்த லாரிதான்.

தெரியாமல் ஆக்குவது என் வேலை.
சுவரைச் சாய்த்தேன். பாய்மரத்தூண் இருந்த இடத்தில்
கூம்பை நட்டேன். படகுகளைக் கதவுக்குள் தள்ளினேன்.
ஏவுகணைகள் தளத்துக்கடியில் நின்றபடி தூங்கும்;
அவற்றால் தொல்லையில்லை.
தொல்லை செங்கோணம்.
ஓர் ஏணிப்படி, ஒரு கைப்பிடிக் கம்பி,
மாலுமி சாத்த மறந்த ஒரு கதவு போதும்.
ஏழாயிரம் டன்னைக் கோள் சொல்லிவிடும்.

சூரமங்கலத்து வீட்டில் இப்போதெல்லாம்
பீரோ மூலையைப் பார்த்தால் முகம் சுளிக்கிறேன்.
பக்கத்து வீட்டில் கேட்டால்
காப்பி போர்டில் வேலை என்கிறார் கணவர்.
அவரையும் சாய்த்தாயிற்று.

பனி ஏறும் நாட்களில் அளவெடுக்க முடியாது.
முதலில் ஆன்டெனா போகும்,
அப்புறம் சவுக்கு மரங்கள், கப்பல்,
கடைசியில் என் கையிலிருக்கும் டம்ளர்.
டெண்டர் இல்லை, பூச்சு இல்லை.
மலை சும்மா செய்கிறது.

ஜூன் பதினேழு, இரவு இரண்டு பத்து.
திரையில் கோடு கூரையைத் தொட்டது.
கமாண்டர் போரா நாற்காலியை விட்டு எழுந்தார்.
ஆறு மாதம் இழைத்த பக்கவாட்டிலா இத்தனை வெளிச்சம்?
டார்ச் அடித்தோம்.
காட்டெருமை.
தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு
இந்தியக் கடற்படையை ஏறிட்டும் பார்க்கவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
இலக்கு இரண்டு. உயிருள்ளது. திருத்தம் வேண்டாம்.

ஆகஸ்டில் எண் வந்தது.
முழு அளவுக்குப் பெருக்கி,
எல்லாத் திசைக்கும் சராசரி எடுத்து,
இரண்டு முறை சரிபார்த்த எண்.
போரா எண்ணைச் சொல்லவில்லை. இப்படிச் சொன்னார்:
"ஒரு மீன்பிடி வள்ளம் அளவுதான் தெரியும்!"
கைதட்டல். கீழே ஆள் அனுப்பித் தட்டுவடை செட் வந்தது;
இருபது வளைவில் நமுத்துப்போயிருந்தது.

பூச்சுப் பிரிவு செலஸ்டின் சாப்பிடவில்லை.
மணப்பாடு. அண்ணன் கடலுக்குப் போகிறவர்.
"மேடம், அப்பம் எங்க வள்ளம் எந்த அளவு தெரியும்?"
"வள்ளம் அளவு."
"ரெண்டும் ஒண்ணுதானா?"
"கிட்டத்தட்ட."
"சுடுறவனுக்கும் ஒண்ணுதானா?"

வேறு கருவிகள் இருக்கின்றன,
வேகம் பார்ப்பார்கள், வெப்பம் பார்ப்பார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
நமுத்த தட்டுவடை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அன்றிரவு மிச்சமிருந்த அலுமினியத் தகட்டில்
மூன்று சதுரம் வெட்டினேன்.
ஒன்றுக்கொன்று செங்கோணமாக வைத்து ரிவெட் அடித்தேன்.
கப்பலை இறக்கிவிட்டு
தூணின்மேல் அதை வைத்துப் பார்த்தோம்.
ஒரு சாண் தகடு.
எருமையைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"பாய்மரத்து உச்சியில கட்டச் சொல்லுங்க அண்ணன்கிட்ட."
செலஸ்டின் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒவ்வொரு மூலையிலும் அவன் முகம் இருந்தது.
"தெரிஞ்சா நல்லதா மேடம்,
தெரியாட்டி நல்லதா?"

கீழே சேலம் முழுக்க விளக்கு.
உருக்காலைப் பக்கம் மட்டும் எண்ண முடிந்தது, எண்ணினேன்.
அவன் தகட்டைத் துண்டில் சுற்றிப்
பைக்குள் வைத்துக்கொண்டான்.
பனி ஏறியது.