நான்கடி வெளியே

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அலுவலகம் பூட்டுவோம்.
மூன்று இருபதுக்கு வந்தார் டாக்னி தோர்வால்ட்சன்,
காலணியில் பனிச்சேறு, கையில் ஒரு பழுப்பு உறை.
கேட்டதெல்லாம் உள்ளே இருந்தது:
நிலுவை இல்லை என்ற ரசீது,
கழிவுத் தொட்டியைச் சோதித்த அறிக்கை,
மனை எண் முப்பத்தொன்றின் வரைபடம்.
அதில் ஏரி ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான்.

ஒரு கையெழுத்துக் குறைகிறதே என்றேன்.
"தம்பி வெளியே வண்டியில் இருக்கிறான்.
நான் போன பிறகு வருவான்."

இருபத்து மூன்று வருஷமாக இந்தக் கவுன்டரில் இருக்கிறேன்.
குத்தகை மாற்றத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன்:
சுவர் உங்களுடையது, கூரை உங்களுடையது,
அடுப்பும் சுண்டெலிகளும் உங்களுடையவை.
அடியில் இருக்கிற மண் மட்டும் புறம்போக்கு.
யாருக்கும் சொந்தமில்லாதது,
அதனால் எல்லோரும் வாடகை கட்டுவது.
காகிதத்தில் அதன் பெயர் மகுடத்தின் நிலம்.
மகுடம் ஒருநாளும் இங்கே மீன்பிடிக்க வந்ததில்லை.

வாங்குகிறவர்கள் பெஞ்சில் இருந்தார்கள்,
மரிவிக், ரொடேலியோ பங்கானிபான்.
இரவுப்பணி முடித்த தாதி அவள், சீருடையைக்கூட மாற்றவில்லை.
"எத்தனை வருஷம்?"
இருபத்தொன்று. பிறகு புதுப்பிக்கலாம்.
"புதுப்பிக்க மாட்டோம் என்றால்?"
தொண்ணூறு நாளில் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு
மண்ணைப் பழையபடி ஆக்கிவிட்டுப் போக வேண்டும்.
இந்த இடத்தில் பலருக்கு முகம் சுண்டும்.
அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.
"பதினொரு வருஷம் இந்த நாட்டில் அப்படித்தான் இருந்தோம்,"
என்றாள். "அப்போது ஏரிகூட இல்லை."

வில்லங்கம் ஒன்றே ஒன்று: சவுனா.
தம்பி எய்னார் தன் கையால் கட்டியது.
எல்லைக்கு நான்கடி வெளியே நிற்கிறது.
ஆகஸ்டில் அளந்தவர் லெஸ்டர் கூர்ஷேன்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாராம்,
எங்கள் ஆட்களைக் கேட்டால் இங்குள்ள எழுபது கேபினும்
எல்லை தாண்டித்தான் நிற்கின்றன என்று.
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
நான்கடிக்கு இருக்கிறது.

இடித்துவிடலாம் என்கிறார் அக்கா.
இடித்தால் கையெழுத்து இல்லை என்கிறான் தம்பி.
ஒன்பது வருஷமாக இதே பேச்சு,
அதுவும் வக்கீல் கடிதத்தில்தான்.

ரொடேலியோ எழுந்து வந்து வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார்.
"நான்கடிதானே?
எங்கள் மாமா கல்யாணமான வருஷம்
வீட்டையே மூங்கிலில் கோத்து, தோளில் தூக்கி,
அடுத்த தெருவில் வைத்தார்கள்."
அது மூங்கில் வீடு, இது தேவதாரு, என்றேன்.
"சரி, இருபத்தைந்து பேர்.
இவள் வார்டிலிருந்து மட்டும் எட்டுப் பேர் வருவார்கள்."
மரிவிக் கண்ணை மூடி விரல்விட்டு எண்ணினாள்.
"ஏழு. ஜோசலினுக்கு முதுகு சரியில்லை."

டாக்னி எதுவும் சொல்லவில்லை.
சாவிகளை மேசையில் வைத்தார்,
பிறகு ஒன்றை மட்டும் எடுத்து,
இது எதற்கென்று எனக்கே தெரியாது என்று
திரும்பவும் வைத்துவிட்டுப் போனார்.

எய்னார் வந்தபோது மூன்று ஐம்பது.
தொப்பியைக் கழற்றவில்லை.
தூக்கி நகர்த்துகிறார்கள் என்றேன்.
"எந்தப் பக்கம்?"
உள்ளே.
கையெழுத்துப் போட்டான்.
பேனாவைத் தராமல் படிவத்தைத் திருப்பி
பின்பக்கம் எழுதினான்:
முதலில் அடுப்புக் கற்களை வெளியே எடுங்கள்.
இல்லையென்றால் தரை தொய்யும்.
மொத்தம் நாற்பத்தாறு கற்கள்.

படிவத்தின் பின்பக்கம் எதுவும் எழுதக் கூடாது.
முத்திரை குத்தினேன்.

நான் பூட்டும்போது அக்கா வண்டியும் தம்பி வண்டியும்
அடுத்தடுத்த கட்டங்களில் நின்றன,
என்ஜின் ஓடியபடி, கண்ணாடி ஏற்றியபடி,
நடுவில் ஒரு மஞ்சள் கோடு.
பனி பிடித்துக்கொண்டது.
என்ன நடக்கிறதென்று நின்று பார்த்திருக்கலாம்.
என் டயர்கள் பழையவை, ஊர் ஒன்றரை மணி தூரம்.